குயில்ட் தைக்க லாங்ஆர்மா, வீட்டுத் தையல் மெஷினா?

மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்குப் போர்வைதான் குயில்ட்; அதைத் தைக்கவென்றே உள்ள நீண்ட கை மெஷின் லாங்ஆர்ம். வீட்டு மெஷினில் ஊசிக்கு வலப்புறம் பெரும்பாலும் 6 முதல் 9 அங்குல இடம்தான். கட்டில் அளவு குயில்டை அதற்குள் சுருட்டித் திணித்து, ஊசிக்கடியில் துணியைத் தள்ளும் பல்லை இறக்கிவிட்டு, துணியைக் கையால் நகர்த்த வேண்டும். தோள் கடுத்துவிடும். மூன்று அடுக்கையும் 4 அங்குலத்துக்கு ஓர் ஊக்கு குத்திப் பிடிக்காவிட்டால் அடித்துணி மடிந்து அப்படியே தைபட்டுவிடும், பிரிப்பது பெரும்பாடு.

லாங்ஆர்மில் துணி சட்டத்தில் நிற்கும், மெஷின்தான் நகரும். ஊக்கு வேண்டாம், அடித்துணி நாலு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக வேண்டும். வளைவில் வேகமாக ஓட்டினால் மேல்நூல் அடிப்பக்கம் முடிமுடியாக நீட்டிக்கொண்டு நிற்கும். கையை நிதானமாக்குங்கள், மேல்நூலைச் சற்று இறுக்குங்கள். பெரிய குயில்டுக்குச் சட்டமே 10 முதல் 12 அடி, சுற்றிவர இடம் தனி.

வருஷத்துக்கு இரண்டு மூன்று தைப்பவர் லாங்ஆர்ம் வாங்க வேண்டாம். அமெரிக்காவில் சில குயில்ட் கடைகளே மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகின்றன. மாதம் ஒன்று முடிப்பவர், அறையும் இருந்தால், ஆசைக்காகவே வாங்கலாம்.