ஆணின் பிள்ளைக் கணக்கை யாரிடம், எப்படிக் கேட்பது?

கலிஃபோர்னியாவின் லாத்ரோப்பில் இருந்த பூச்சிமருந்து ஆலையில், 1970களில் வேலை பார்த்த ஆண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோதுதான் ஒன்றைக் கவனித்தார்கள்: அங்கே பலருக்குக் குழந்தையே பிறக்கவில்லை. 1977இல் விந்தைச் சோதித்தபோது பலருக்கு உயிரணுக்கள் மிகக் குறைவு, சிலருக்கு அறவே இல்லை. அவர்கள் கையாண்ட, மண்ணிலுள்ள நூற்புழுக்களைக் கொல்லும் டிபிசிபி என்ற மருந்துதான் காரணம். அது எலிகளின் விரைகளைச் சுருக்கிவிடும் என்று 1961லேயே ஆய்விதழில் வந்திருந்தது. யார் எந்த ஆண்டு வேலையில் சேர்ந்தார், அதற்கு முன் எத்தனை குழந்தை, பின் எத்தனை என்று ஒருவர் முறையாகக் கேட்டுக் குறித்திருந்தால் போதும், முன்பே பிடிபட்டிருக்கும்.

அப்படிக் கேட்பதற்கு இன்று நான்கு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, மனைவியைக் கேட்பது. இந்தியாவின் தேசியக் குடும்பநல ஆய்வு முதல் இரண்டு சுற்றுகளில், அதாவது 1992-93லும் 1998-99லும், பெண்களைத்தான் பேட்டி கண்டது. தேதி விஷயத்தில் இதை மிஞ்ச முடியாது. களத்தில் ஓர் ஆணிடம் மூத்த பிள்ளை பிறந்த வருஷத்தைக் கேட்டால், “ஏம்மா, பெரியவன் எந்த வருஷம்?” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். ஆனால் மனைவிக்குத் தன் பிள்ளைகளின் கணக்குதான் தெரியும். கணவருக்கு முந்தைய திருமணம் ஒன்று இருந்தால் அந்தப் பிள்ளைகள் விட்டுப்போவார்கள்.

இரண்டாவது, ஆணிடமே மொத்த எண்ணிக்கையைக் கேட்பது. அதே தேசிய ஆய்வு 2005-06இல் 15 முதல் 54 வயது வரையுள்ள ஆண்களையும் சேர்த்தது. 2019-21 சுற்றில் 7,24,115 பெண்கள், 1,01,839 ஆண்கள். பெண்ணிடம் ஒவ்வொரு குழந்தையாகப் பிறந்த மாதமும் வருடமும் கேட்பார்கள். ஆணிடம் எத்தனை மகன், எத்தனை மகள் என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். மக்கள்தொகைக் கணக்குக்கு இது சரி. உடல்நல ஆய்வுக்குப் போதாது. “இரண்டு குழந்தை” என்ற பதிலை வைத்துக்கொண்டு, அவை நச்சுப் பொருளைத் தொடும் முன் பிறந்தவையா, பின் பிறந்தவையா என்று எப்படிச் சொல்வது?

மூன்றாவது, முழு வரலாறு. திருமணம் அல்லது உறவு ஒவ்வொன்றாக எடுத்து, அதில் உண்டான கர்ப்பங்களை வரிசையாகக் கேட்பது. அமெரிக்காவின் தேசியக் குடும்ப வளர்ச்சி ஆய்வு 1973இல் தொடங்கினாலும் ஆண்களைச் சேர்த்தது 2002இல்தான். கூச்சமான கேள்விகளை ஹெட்போனில் கேட்டு, பதிலை அவரே கணினியில் பதிகிறார். எதிரே இருப்பவருக்குப் பதில் தெரியாது. இதிலும் ஓட்டை உண்டு. இதற்கு முந்தைய அமெரிக்க, பிரிட்டன் தரவுகளை 1999இல் அலசியவர்கள், திருமணத்துக்கு வெளியிலும் முந்தைய திருமணங்களிலும் பிறந்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை ஆண்களின் பதில்களில் விடுபட்டதைக் கண்டார்கள். அத்தனையும் மறைப்பு அல்ல. பிரிந்து வாழும் ஆண்கள் பலர் கணக்கெடுப்பில் அகப்படுவதே இல்லை.

நான்காவது பதிவேடு. டென்மார்க்கில் 1968 முதல் ஆளுக்கொரு எண் இருக்கிறது. குழந்தையின் எண்ணோடு தாய், தந்தை எண்களும் இணைந்திருப்பதால் மறதிக்கோ கூச்சத்துக்கோ இடமில்லை. பிறப்புகளை எண்ணுவதற்கு இதற்கு நிகர் இல்லை. ஆனால் ஐந்து வருஷம் முயன்றும் குழந்தை தங்காத தம்பதியின் முயற்சி பிறப்புப் பதிவில் எப்படி ஏறும்?

என்னைக் கேட்டால் மூன்றாவது வழிதான், இரண்டு கேள்விகளைக் கூடச் சேர்த்து. கர்ப்பம் தரிக்க எத்தனை மாதம் ஆனது என்பது ஒன்று. 1980களின் நடுவிலிருந்து இந்தக் கேள்வி ஆய்வுகளில் புழங்குகிறது. இதைத் தந்தையானவர்களிடம் மட்டும் கேட்டால், நச்சு அதிகம் தாக்கி ஒரு குழந்தையும் பிறக்காதவர்கள் வெளியே நின்றுவிடுவார்கள். அதனால் பலிக்காத முயற்சிகளையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இன்னொன்று குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், அதுவும் இருவருடையதும். நம் ஊருக்கு இது மிக முக்கியம். 2019-21இல், 15 முதல் 49 வயதுக்குள் மணவாழ்வில் இருக்கும் பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்ட குடும்பங்கள் 0.3 விழுக்காடு. இரண்டு பிள்ளைகளுக்குப் பின் இருபதுகளிலேயே ஆபரேஷன் முடித்துவிடும் பெண்கள் நிறைய. இதைக் கேட்காமல் விட்டால், ஆலையில் சேர்ந்த பிறகு ஓர் ஆணுக்குக் குழந்தை பிறக்காததற்கு மருந்தின் மேல் பழி விழும். உண்மையில் மருந்துதான் காரணம் என்றால், ஆலைக்காரர் அந்த ஆபரேஷனைக் காட்டித் தப்பித்துக்கொள்வார்.

கருச்சிதைவு பற்றி மட்டும் மனைவியைத் தனியே கேட்பதுதான் முறை. தொடக்கத்திலேயே கலைந்துபோன கர்ப்பம் கணவருக்குத் தெரியாமலே போயிருக்கலாம். இருவரையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்துக் கேட்டால் இருவருமே வாய் திறக்க மாட்டார்கள்.