வால்பாறை ஏற்றத்தில் எரிந்த ஏர்பேக் விளக்கு

"ஏனுங்க மச்சான், உங்க வண்டி மாடல்லயே பழசு ஒண்ணு விலைக்கு வந்திருக்குது, வாங்கலாமாங்க?" என்று உடுமலையிலிருந்து மச்சினன் கேட்டான். அவனுக்குச் சொன்னதுதான் இது.

ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயமான 2019இல் நான் வாங்கிய கார். இன்ஜின் இன்றைக்கும் சளைக்காமல் இழுக்கிறது. சித்திரை வெயிலில் தாராபுரம் ரோட்டிலும் ஏசி கைவிடாது. மைலேஜைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும்.

ஆனால் அந்த ஏர்பேக் விளக்கு! ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறிக்கொண்டிருக்கும்போதே விளக்கு எரிந்தது. அடுத்த வளைவில் ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுசாக ஒடித்து ஹாரனை அழுத்துகிறேன், சத்தமே இல்லை. நேராக்கியதும் அடிக்கிறது. மேலிருந்து பஸ் இறங்கும் ரோடுங்க அது.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டினார்கள். ஓட்டுநர் ஏர்பேக் சர்க்யூட்டில் ரெசிஸ்டன்ஸ், அதாவது மின்தடை, அதிகம் என்று காட்டியது. உடனே ஏர்பேக்கையே மாற்றச் சொல்லி எஸ்டிமேட் நீட்டினார்கள். கோளாறு எந்தச் சர்க்யூட்டில் என்றுதான் ஸ்கேனர் சொல்லும், எந்தப் பாகத்தில் என்று சொல்லாது. ஹாரனும் கூடவே போகிறது என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. இன்னும் எனக்கு ஆறவில்லை.

பல்லடத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அந்த ஹாரன் விஷயத்தைத்தான் முதலில் பிடித்துக்கொண்டார். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஏர்பேக்குக்காக மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டரில் தங்கிய சார்ஜ் இறங்கும்வரை வண்டியைத் தொடவே இல்லை. அப்புறம் ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டரைப் பிரித்து, ஏர்பேக்கை மூடி மேலே பார்க்கும்படி தள்ளி வைத்தார். அதன்மேல் மல்டிமீட்டரை வைக்கவே கூடாது, மீட்டரின் சின்னக் கரண்டே அதை வெடிக்க வைக்கலாம். ஏர்பேக்குக்குப் பதில் அதே இடத்தில் 2 ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டரை மாட்டி மறுபடி ஸ்கேன் செய்தார். ஏர்பேக்கே இல்லாதபோதும், ஸ்டியரிங்கைத் திருப்பியதும் அதே கோளாறு வந்தது. ஆக, ஏர்பேக் நன்றாகத்தான் இருக்கிறது.

போனது க்ளாக் ஸ்பிரிங். ஸ்டியரிங்குக்குப் பின்னால், சுற்றச் சுற்ற சுருண்டு விரியும் பட்டை வயர். ஹாரன், ஏர்பேக் இரண்டுக்கும் கரண்ட் அதன் வழியாகத்தான் போகிறது. தனியாகக் கழற்றி மீட்டர் வைத்துத் திருப்பிக் காட்டினார், ஒரு இடத்தில் ரீடிங் எகிறியது. புதுசை நடு நிலைக்குக் கொண்டுவந்து, முன்சக்கரம் நேராக இருக்கும்போதுதான் மாட்டினார். தப்பாக மாட்டினால் முழுசாக ஒடிக்கும்போது பட்டை அறுந்துவிடும்.

"விளக்கு எரிஞ்சா எரியட்டும், வண்டி ஓடுதுல்ல" என்பவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. அது எரிகிற வரைக்கும், மோதினால் ஏர்பேக் விரியும் என்று நம்பவே முடியாது.

மச்சினனிடம் வேண்டாம் என்றேன். அந்த ஹாரன் அடிக்காத வளைவு மனசில் இருக்கும்வரை வேறு பதில் வராது. மீறிப் பார்க்கப் போனால் சாவியைத் திருப்பி, ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைகிறதா என்று பார்க்கச் சொன்னேன். எரியவே இல்லையென்றால் கோளாறை மறைக்கப் பல்பைக் கழற்றியிருக்கலாம், விலை பேசாமல் திரும்பிவிட வேண்டும்.