ஸ்பாஞ்ச் நாற்றா, கோகோபீட் நாற்றா? மண்ணில்லாத் தோட்டத்தில் என் கணக்கு

போன மார்கழியில் சென்னை வீட்டு மொட்டை மாடியில் 24 துளை கொண்ட பிவிசி குழாய்த் தோட்டம் ஒன்றை மாட்டினேன். உரம் கலந்த தண்ணீரை மோட்டார் குழாய்க்குள் ஓட்டும், துளைகளில் செடி நிற்கும். லெட்டூஸும் பாலக்கும் கோகோபீட் (தென்னை நார்த்தூள்) நிரப்பிய குழித்தட்டில் நன்றாகத்தான் முளைத்தன. வேரை அலசி நெட் பாட்டுக்கு, அதாவது துளையில் உட்காரும் ஓட்டை ஓட்டையான சின்ன பிளாஸ்டிக் கூடைக்கு, மாற்றினேன். மூன்றே நாளில் பாதிக்கு மேல் துவண்டு படுத்துவிட்டன. மாசியில் ஸ்பாஞ்சில் விதைத்துப் பார்த்தேன், போனது இரண்டுதான். குழாயும் மோட்டாரும் முன்பிருந்த அதேதான், வெயில் மட்டும் கூடியிருந்தது. இடையில் உரத்தையும் பாதியாகக் குறைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் முழுப் புகழும் ஸ்பாஞ்சுக்குப் போகாது.

விலை இரண்டிலும் பெரிய செலவில்லை. முளைப்பிலும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. லெட்டூஸ் விதை 30 டிகிரிக்கு மேல் எதில் போட்டாலும் முரண்டு பிடிக்கும், வீட்டுக்குள் குளிர்ந்த இடத்தில் முளைக்க வைப்பதுதான் வழி. ராக்வூல் என்று, கல்லை உருக்கிப் பஞ்சு மாதிரி இழைத்த மூன்றாவது ஒன்றும் உண்டு. காரத்தன்மை அதிகம் என்பதால் சற்றே அமிலமான, பிஎச் 5.5 தண்ணீரில் ஊறவைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். நான் ஒரே ஒரு பாக்கெட் வாங்கியதோடு சரி.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: மாற்றி நடும்போது வேரில் கை படுகிறதா, இல்லையா.

கோகோபீட்டில் வளர்ந்த நாற்றை ஒரு மக் தண்ணீரில் அலசிப் பாருங்கள். தூள் பாதிதான் கரையும், மீதியை வேர் இறுகப் பிடித்திருக்கும். விரலால் உருவினால் தூளோடு சேர்ந்து, பஞ்சுத் துணுக்கு மாதிரி இருக்கும் வேர்த்தூவிகளும் போய்விடும். நாற்று தண்ணீர் குடிப்பது பெரும்பாலும் அந்தத் தூவிகள் வழியாகத்தான். இலையோ வழக்கம்போல நீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், வேரால் ஈடுகொடுக்க முடியாது. மதியம் தலை தொங்குவது இதனால்தான். சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் பயமில்லை, நிழல்வலை போட்டு நாலு நாள் பொறுத்தால் புது வேர் விடும். மறுநாள் விடிந்தும் நிமிராத நாற்று என்னிடம் எதுவுமே பிழைத்ததில்லை.

சரி, அலசாமல் அப்படியே வைத்தால்? அதையும் செய்தேன். கோகோபீட் எந்நேரமும் சொதசொதவென்று இருந்தது. தண்டின் கழுத்துப் பகுதி நூல் மாதிரி மெலிந்து, நாற்று சாய்ந்தது. நாற்றழுகல். உதிர்ந்த தூள் மோட்டார் வடிகட்டியை அடைத்தது தனிக் கதை. இன்னொன்று, சரியாகப் பதப்படுத்தாத கோகோபீட் உரக்கரைசலில் உள்ள கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியே விடும்.

ஸ்பாஞ்சில் இந்த வேலையே இல்லை. இரண்டரை செ.மீ. சதுரம், நடுவில் ஒரு கீறல். தண்ணீருக்குள் வைத்துப் பிழிந்து உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு விதை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவே உலர்ந்தே கிடக்கும். அடியில் இரண்டு செ.மீ. வேர் தொங்கி, வித்திலை போக மூன்று இலை வந்ததும் ஸ்பாஞ்சோடு தூக்கி வைத்தால் வேலை முடிந்தது.

எதிர்பாராத ஒரு லாபமும் உண்டு. கோகோபீட்டின் சாயம் ஏறி வேர் டீத்தண்ணீர் நிறமாகிவிடும், அழுகலா சாயமா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. ஸ்பாஞ்ச் நாற்றில் வேர் வெள்ளையாக இருக்கும், பழுப்பேறினால் உடனே தெரியும். சந்தேகம் வந்தால் ஒரு வேரை மெல்ல இழுப்பேன். மேல்தோல் வழுக்கிக்கொண்டு வந்து உள்ளே நரம்பு மட்டும் மிஞ்சினால், கூடவே வாடையும் அடித்தால், அழுகல்தான்.

குறை இல்லாமல் இல்லை. மேலே பச்சைப் பாசி படரும், கறுப்பு பிளாஸ்டிக் துண்டு போட்டு மூடுகிறேன். மட்கவும் மட்காது, குப்பைக்குத்தான் போக வேண்டும். குழாயில் சில மில்லிமீட்டர் தண்ணீர்தான் ஓடும் என்பதால் ஸ்பாஞ்ச் நெட் பாட்டின் அடிவரை இறங்கி ஈரத்தைத் தொட வேண்டும். என்னுடைய இரண்டும் செத்தது அப்படி உயரத்தில் மாட்டி உலர்ந்ததால்தான். கரன்ட் போய் மோட்டார் நின்றாலும் ஸ்பாஞ்ச் சீக்கிரம் காய்கிறது, அந்த விஷயத்தில் கோகோபீட்தான் தாங்கும்.

எதில் விதைத்தாலும் தீராத கோளாறுகளும் உண்டு. எங்கள் போர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பே மீட்டரில் 700 பிபிஎம் (லிட்டருக்கு சுமார் 700 மில்லிகிராம்) காட்டும். இளநாற்றுக்கு மொத்தமே 300, 400 போதும், அதில் உரத்தைச் சேர்த்தால் இலை ஓரம் கருகாமல் என்ன செய்யும்? இப்போது ஆர்.ஓ. தண்ணீர் கலக்கிறேன். தொட்டித் தண்ணீர் சூடானாலும் தொல்லைதான். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் ஆக்சிஜன் 30 டிகிரியில் ஏழரைக்கு இறங்கிவிடும். தொட்டியை நிழலுக்கு நகர்த்தினேன்.

இதெல்லாம் கீரை வகைகளை வைத்துச் சொல்வது. மிளகாயும் தக்காளியும் ஒரே தடவைதான் வைத்தேன், அதுவும் ஆறு நாற்று. வேரை அலசி வைத்த மிளகாய் ஒரு வாரம் வளராமல் முறைத்துக்கொண்டு நின்றுவிட்டு, பிறகு தானாகத் தேறிவிட்டது. ஒருவேளை அதற்கு ஸ்பாஞ்சே தேவையில்லையோ என்னவோ. ஆடியில் மூன்றை இதிலும் மூன்றை அதிலும் விதைத்துப் பார்க்கப்போகிறேன்.