வான்கோழிக்காக வாங்குன சென்சார் ஸ்ப்ரிங்க்ளர், ஒரு சீசன் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

நாங்க இருக்குறது மாசசூசெட்ஸ்ல மேற்குப் பக்கம், பெர்க்‌ஷயர் மலையை ஒட்டுன சின்ன ஊரு. பின்னாடி ஃபுல்லா ஓக் காடு, ராத்திரி மரத்து மேல தூங்குற காட்டு வான்கோழிங்க விடிஞ்சதும் எறங்கி நம்ம வீட்டு வழியாத்தான் போகும். போனா பிரச்சனையே இல்ல, போகாம இங்கயே டேரா போட்டதுதான் பிரச்சனை.

மார்ச்ல அம்மா ஊர்லேர்ந்து வந்தாங்க, ஒட்டன்சத்திரம் பக்கம் கோழி வளத்தவங்க, இதுங்கள பாத்ததும் தினம் காலைல பா பா பான்னு கூப்பிட்டு அரிசி போட ஆரம்பிச்சிட்டாங்க. வேணாம்மான்னா "ஏண்டி, வாயில்லா ஜீவன், பனியில நின்னு பாக்குது"ம்பாங்க. மூணு வாரத்துல பதினாலு வந்துச்சு, அதுல ஒரு பெரிய சேவல், இருபது பவுண்டு இருக்கும், தோகைய விரிச்சுக்கிட்டு வாசல்லயே நிக்கும், தபால் குடுக்க வர்றவர துரத்திடுச்சு, நட்ட கீரை நாத்து மொத்தமும் கிளறிப் போட்டாச்சு.

இதுங்கள அடிச்சு விரட்ட எனக்கு மனசு வரல. 1851ல மவுண்ட் டாம் மலைல கடைசியா ஒண்ண சுட்டதோட இந்த மாநிலத்துல வான்கோழியே இல்லாமப் போச்சு, 1972, 73ல நியூயார்க் பக்கத்துலேர்ந்து 37 பறவைய கொண்டாந்து இதே பெர்க்‌ஷயர் காட்டுல விட்டாங்க, இன்னைக்கு 30,000த்துக்கு மேல இருக்கு. அப்படித் திரும்பி வந்த பறவைக்கு வலிக்காம பயம் மட்டும் காட்டணும்னுதான் இந்த சென்சார் ஸ்ப்ரிங்க்ளர வாங்குனேன். பேட்டரில ஓடுது, அறுபது டாலர் பக்கம் ஆச்சு. குச்சிய மண்ணுல குத்தி ஹோஸ மாட்டிட்டா போதும், ஏதாச்சும் அசைஞ்சா சட சடன்னு சத்தத்தோட ரெண்டு மூணு செகண்டு தண்ணி அடிக்கும்.

மொத நாளே கூட்டம் மொத்தமும் ஓடுச்சு பாருங்க, அந்த ஓட்டத்த ஒரு தடவையாவது பாக்கணும். ஆனா பத்து நாள்ல தண்ணி எதுவரைக்கும் வரும்னு கத்துக்கிட்டு அந்த எல்லைக்கு வெளியவே நடக்குதுங்க, அதனால ரெண்டு நாளைக்கு ஒருக்கா எடத்த மாத்திட்டே இருக்கணும். காத்துல ஆடுற செடி முன்னாடி வெச்சா சும்மா சும்மா அடிக்கும், எங்களது கிணத்துத் தண்ணி, மோட்டார் ஓடிக்கிட்டே கெடந்துச்சு. ஹோஸ்ல எந்நேரமும் பிரஷர் நிக்கும், மட்டமான ஹோஸா இருந்தா வெடிச்சிரும், எனக்கு ஒண்ணு போச்சு. நவம்பர்ல கழட்டி உள்ள வெச்சிருங்க, உள்ள தண்ணி உறைஞ்சா பிளந்துரும்.

இது எதுக்கு உதவாதுன்னும் சொல்லிடுறேன். ஏப்ரல், மே மாசம் சேவலுக்கு இணை சேர்ற காலம், கார் கதவுல தெரியுற தன் உருவத்த இன்னொரு சேவல்னு நெனச்சு கொத்திக்கிட்டே இருக்கும், அந்த வெறியில தண்ணி அடிச்சா நகரவே நகராது. அதுக்கு பழைய பெட்ஷீட்ட கார் மேல போர்த்துனோம், அன்னைக்கே நின்னுச்சு. தீனி போடுறத நிறுத்தாம எந்த மெஷின் வாங்கியும் பிரயோஜனம் இல்ல, அம்மாவ ஒக்கார வெச்சு, மனுஷன்கிட்ட பயம் போயிட்டா கடைசில இதுங்கள சுட்டுத்தான் ஆகணும்னு ஆயிடும்மான்னு சொன்னேன். ஒண்ணும் பேசல, மறுநாள்லேர்ந்து அரிசி எடுக்கல. பறவைங்களுக்கு தொங்கவிட்ட விதை டப்பாவையும் கழட்டியாச்சு, கீழ சிந்துறதுக்குத்தான் பாதி கூட்டம் வந்துச்சு.

தோட்டத்துக்கு மட்டும்னா 5க்கு 4 தாராளமா குடுப்பேன், மான் கூட வர்றதில்ல.

ஒண்ணே ஒண்ணு, ஜூன்ல ஆஃப் பண்ணிருங்க. பெட்டை குஞ்சோட வர்ற நேரம் அது, மொத ரெண்டு மூணு வாரம் குஞ்சுக்கு ஒடம்பு நனைஞ்சு குளிர் புடிச்சா செத்துரும். எங்க வீட்டுக்கு ஒன்பது குஞ்சோட வந்துச்சு, அம்மா ஜன்னலுக்குப் பின்னாடி நின்னு எண்ணுனாங்க, கதவத் தொறக்கல, அதுங்க புல்லுல பூச்சி கொத்திக்கிட்டே காட்டுக்குள்ள போயிருச்சு.