வெங்காயம் வராத வாரம்: வாட்ஸ்அப்பா, லைவ் ஸ்டாக்கா, கப்பல் டிராக்கிங்கா?

2023 டிசம்பர் முதல் வாரத்தை எங்கள் கடையில் யாரும் மறக்கவில்லை. 4-ஆம் தேதி மிக்ஜாம் புயலில் சென்னை தண்ணீருக்குள் கிடந்தது, 8-ஆம் தேதி இந்தியா வெங்காய ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது. பினாங்கு லெபோ பாசாரில், நம் ஆட்கள் கடைத்தெரு என்று சொல்கிற இடத்தில்தான் சித்தப்பாவின் மளிகைக்கடை. கொள்முதல் கணக்கு என் பொறுப்பு. அன்றிலிருந்து சரக்கு சிக்குகிற ஒவ்வொரு முறையும் நான் பயன்படுத்திய வழிகளை இங்கே எதிரெதிரே வைத்துப் பார்க்கிறேன், ஏனென்றால் 'ரியல் டைம்' என்று சொல்லிக் கடைக்காரர்களிடம் விற்கிற எல்லாவற்றையும் ஒரே பொருள் மாதிரிப் பேசுகிறார்கள், ஒவ்வொன்றும் பதில் சொல்கிற கேள்வியோ வேறு வேறு.

முதலில் வாட்ஸ்அப். இதைத் தொழில்நுட்பக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் தடைச் செய்தி எனக்கு வந்தது சென்னை ஏஜென்டின் வாய்ஸ் மெசேஜில்தான்: "தம்பி, ஆர்டர் போட்டுட்டாங்க, இனி ஒரு மூட்டை ஏறாது, வேற இடம் பாத்துக்குங்க." பத்து வினாடிதான். என்ன ஆனது, இனி என்ன செய்ய வேண்டும், இரண்டுமே அதற்குள் இருந்தன. அன்று மதியத்துக்குள் பட்டர்வொர்த் மொத்த வியாபாரியிடம் பேசி, அவர் கையிருப்பில் இருந்த ஹாலந்து வெங்காயத்தில் எங்கள் பங்கைச் சொல்லி வைத்துவிட்டோம். மறுநாள் கேட்டவர்களுக்கு இல்லை.

அதே மெசேஜ் தெரு முழுக்கப் போகிறது என்பதுதான் சிக்கல். எல்லாரும் ஒரே நேரத்தில் இரண்டு மடங்கு கேட்கிறார்கள், விலை ஏறுகிறது, உண்மையில் இல்லாத ஒரு தட்டுப்பாடும் சேர்ந்துகொள்கிறது. நம் கடையில் எத்தனை மூட்டை இருக்கிறது, அது எத்தனை நாளைக்கு வரும் என்று வாட்ஸ்அப்புக்குத் தெரியாது. அது தெரியாமல் போடுகிற ஆர்டர் பயத்தில் போடுகிற ஆர்டர்.

அதற்குத்தான் லைவ் ஸ்டாக், அதாவது கல்லாவில் பில் போடப் போட இருப்பு தானாகக் குறைகிற கிளவுட் பில்லிங். விற்க வந்தவர் "எந்த நேரமும் சரியான இருப்பு போனிலேயே தெரியும்" என்றார். அந்த டிசம்பர் காலையில் திரை 9 மூட்டை என்றது, ஸ்டோரில் போய் எண்ணினால் 5. மென்பொருள் கெட்டுப் போகவில்லை, நாங்கள் ஊட்டிய கணக்குதான் தப்பு. 20 கிலோ மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக விற்கிறோம், அழுகியதை எடுத்துப் போடுகிறோம், அவசரத்தில் பையன் பழைய தராசில் நிறுத்து ஏதோ ஒரு பட்டனை அழுத்துகிறான். பாக்கெட் சாமானுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. மலேசிய நிறுவனத்தின் 955, இந்திய நிறுவனத்தின் 890 என்று தொடங்குகிற பார்கோடு அச்சாகியே வருகிறது, ஸ்கேன் பண்ணினால் சரியாகக் கழியும். மளிகைக்கடையின் உயிரே சில்லறைச் சாமான்தானே, அதற்குப் பார்கோடு ஏது?

எங்களைக் காப்பாற்றியது லேபிள் அச்சடிக்கிற தராசு. நிறுத்ததும் எடையோடு ஒரு பார்கோடு வரும். கடைக்குள் மட்டும் செல்லுகிற, 2-ல் தொடங்குகிற எண். அப்புறம் அழுகல் கழிவுக்கென்று பில்லிங்கில் தனியாக ஒரு பட்டன் வைத்தோம், வேகமாக ஓடுகிற இருபது சாமானை மட்டும் வாரம் ஒருமுறை கையால் எண்ணினோம். இரண்டு மாதத்தில் திரைக்கும் ஸ்டோருக்கும் வித்தியாசம் ஒரு மூட்டைக்குள் வந்துவிட்டது. இந்த உழைப்பைப் போடத் தயாராக இல்லாதவர் லைவ் ஸ்டாக் வாங்கவே வேண்டாம் என்பேன், தப்பான எண்ணை நம்பி உட்கார்ந்திருப்பது எண்ணே இல்லாமல் இருப்பதைவிட ஆபத்து.

இருப்பு எண் தடுமாறிய அந்த வாரத்திலும் பில் எண்ணிக்கை சரியாகவே இருந்தது, அதிலிருந்து ஒன்று கண்டுபிடித்தேன். வெங்காயம் ஒரு நாளைக்கு 30 கிலோ போய்க்கொண்டிருந்தது 55 கிலோ ஆகிவிட்டது. சித்தப்பா உடனே ஆர்டரை இரட்டிப்பாக்கச் சொன்னார். பில்லைத் திறந்து பார்த்தால் வாங்கியவர்கள் எண்ணிக்கை கூடவே இல்லை, 2 கிலோ வாங்குகிறவர் 5 கிலோ வாங்குகிறார், அவ்வளவுதான். வீட்டில் சேர்த்து வைக்கிறார்கள், அடுத்த வாரம் வரமாட்டார்கள். ஆளுக்கு 2 கிலோ என்று எழுதி ஒட்டினோம், ஆர்டரை 30 கிலோ கணக்கிலேயே வைத்தோம்.

அடுத்தது கப்பல். இந்திய வெங்காயத்தை விட்டு ஹாலந்து வெங்காயத்துக்கு மாறிய அதே மாதம் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் கூடி, டிசம்பர் நடுவில் பெரிய கப்பல் நிறுவனங்கள் சூயஸ் வழியை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றி வர ஆரம்பித்தன. மொத்த வியாபாரியிடம் கப்பல் பெயரைக் கேட்டு வாங்கி, கப்பல் எங்கே போகிறது என்று வரைபடத்தில் புள்ளியாகக் காட்டுகிற மரைன் டிராஃபிக் தளத்தில் போட்டுப் பார்த்தேன். சூயஸுக்குப் போக மத்தியதரைக் கடலுக்குள் திரும்பியிருக்க வேண்டிய புள்ளி மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரம் தெற்கே போய்க்கொண்டிருந்தது. யாரும் போன் பண்ணிச் சொல்லவில்லை. 10 முதல் 14 நாள் தாமதம் என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

இதன் பின்னால் இருப்பது ஏஐஎஸ் என்கிற கருவி. சர்வதேசப் பயணம் போகிற பெரிய கப்பல் எல்லாவற்றிலும் கட்டாயம். ஓடும்போது சில வினாடிக்கு ஒருமுறை தன் இடம், வேகம், திசையை ஒலிபரப்பும். கரையில் இருக்கிற வாங்கிகளுக்குச் சுமார் 40 கடல் மைல்தான் எட்டும், நடுக்கடலில் செயற்கைக்கோள் வேண்டும், அதற்குப் பணம் கட்ட வேண்டும். வங்காள விரிகுடாவில் பாதியில் கப்பல் மறைந்தால் பதற வேண்டாம், மலாக்கா நீரிணைப் பக்கம் வந்ததும் தெரியும். வந்து சேரும் நேரத்தை மட்டும் அப்படியே நம்பாதீர்கள், அது கப்பலில் ஒருவர் கையால் தட்டிப் போடுகிற தகவல், பழையதாகவே கிடக்கலாம். இன்னொன்று, பினாங்குக்கு வருகிற சரக்கில் நிறைய கிள்ளான் துறைமுகத்திலோ சிங்கப்பூரிலோ கப்பல் மாறும். கப்பலைத் துரத்தினால் போதாது, நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட கொள்கலன் எண்ணைக் கப்பல் நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்க்க வேண்டும்.

கப்பல் டிராக்கிங் தனியாக இருந்தால் வேடிக்கை பார்க்கத்தான் உதவும். 30 கிலோ வீதம் 10 நாள் தாமதம் என்றால் 300 கிலோ, அதாவது 15 மூட்டை குறையும். நாள் கணக்கைக் கப்பலும் கிலோ கணக்கைக் கல்லாவும் தந்ததால்தான் இந்தப் பெருக்கல் முடிந்தது. அந்த 15 மூட்டையைப் பாகிஸ்தான் வெங்காயத்தில் ஈடுகட்டினோம்.

அரிசிக்கு இதெல்லாம் அவ்வளவு தேவைப்படவில்லை. 2023 ஜூலை 20-இல் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியைத் தடை செய்தது, ஆகஸ்ட் 25-இல் புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டது. அரிசி மாதக்கணக்கில் இருக்கும், நாளிதழைப் படித்துவிட்டே முடிவெடுத்தோம்.

லோரியில் ஜிபிஎஸ் என்பது பெரிய லோரிக் கூட்டம் வைத்திருப்பவருக்கு நியாயமான செலவு. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் பக்கம் எங்கள் சரக்கு ஏற்றிய லோரியின் புள்ளி ஒரே இடத்தில் நின்றது, காரணத்தை ஓட்டுநர் அண்ணன் போனில் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். ஆர்எஃப்ஐடி டேக், அதாவது ரேடியோ அலையால் தொடாமலே படிக்கிற சிட்டை, எங்கள் கடைக்கு ஒத்துவராது. தண்ணீரும் உலோகமும் அந்த அலைவரிசையைக் கெடுக்கும், ஊறுகாய், எண்ணெய் டின், பால் டின் எல்லாமே அந்த இரண்டுதான். 3 வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள பாக்கெட்டுக்கு டேக் ஒட்டினால் லாபத்தில் பாதி அதிலேயே போகும்.

ஆகவே மளிகைக்காரர் கேட்டால் என் வரிசை இதுதான்: போனை விடாதீர்கள், முதல் காசை லேபிள் தராசிலும் பில்லிங்கிலும் போடுங்கள், எண் சரியான பிறகு கப்பலைப் பாருங்கள், இலவசச் சேவையே போதும். பக்கத்துப் புடவைக் கடை அக்காவுக்கு மட்டும் வேறு மாதிரி சொன்னேன். துணிக்கு ஆர்எஃப்ஐடி அருமையாக வேலை செய்யும், யூனிக்லோ கடையில் துணியைக் கூடையோடு வைத்ததும் பில் வருவது அதனால்தான். ஒரு புடவை 200 வெள்ளி என்றால் சில பத்து சென் டேக் ஒரு செலவே இல்லை. தீபாவளிச் சரக்கு தாமதமானால் எந்த நிறம் எத்தனை மீதி என்று அலமாரியைக் கலைக்காமல் பத்து நிமிடத்தில் எண்ணிவிடலாம்.