ஏர் பெட் போட்டாச்சு, இனி எதுக்குங்க திருப்பணும்?

பக்கவாதம், தண்டுவட அடி, முற்றிய பார்க்கின்சன் என்று எதனால் படுத்தவரானாலும், கோவையிலோ ஈரோட்டிலோ டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் ஒரு சாமான் சீட்டு கைக்கு வரும். பெரியவர்களுக்கான டயப்பர், படுக்கை நனையாமல் இடுப்புக்கு அடியில் விரிக்கும் அண்டர்பேட், மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்ற 50 மில்லி சிரிஞ்சு, யூரின் பேக், கடைசி வரியில் ஏர் பெட், அதாவது பம்பால் காற்று ஏறி இறங்கும் மெத்தை. சர்ஜிகல் கடையில் அட்டைப் பெட்டியை எடுத்து வைத்து, "இதைப் போட்டுட்டா படுக்கைப் புண்ணே வராதுங்க" என்று ஒரு வாக்கும் சேர்த்துத் தருவார்கள். பெட்டியைப் பற்றிப் பெரிய குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த வாக்கை நம்பிய வீடுகளில்தான் மூன்றாம் வாரம் வால் எலும்புக்கு மேல் தோல் கருக்க ஆரம்பிக்கிறது.

இங்கே எடுத்துக்கொண்டது அதிகம் விற்கும் குமிழ் வகை மெத்தை. பிவிசி பிளாஸ்டிக் ஷீட்டில் சுமார் 130 குமிழ்கள், ஆறரை அடி நீளம், மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம், காற்று நிரம்பினால் இரண்டரை அங்குல உயரம். கூடவே செங்கல் அளவில் ஒரு பம்ப், இரண்டு குழாய், ஒட்டுப் போட நாலு துண்டு. விலை பிராண்டைப் பொறுத்து பெரும்பாலும் 2,000 ரூபாயிலிருந்து 4,000 வரை.

வேலை செய்யும் விதம் எளிது. குமிழ்கள் இரண்டு அணியாகப் பிரிந்திருக்கும். பம்ப் ஒரு அணிக்குக் காற்றை ஏற்றும்போது மற்ற அணி இறங்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அணி மாறும். தோலுக்கு அடியில் உள்ள நுண் ரத்தக் குழாய்கள் நசுங்கி ரத்தம் நிற்க, பாதரச அளவில் 32 மி.மீ. அழுத்தமே போதும் என்று பாடப்புத்தகங்களில் ஒரு எண் உண்டு. பம்ப் பெட்டியிலோ 70 முதல் 130 மி.மீ. என்று அச்சிட்டிருப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழப்பம் வரும். இந்த மெத்தை அழுத்தத்தைப் போக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. சில நிமிடம் நசுங்கிய இடத்துக்கு அடுத்த சில நிமிடம் ரத்தம் வர வழி விடுகிறது. அந்த ஏற்ற இறக்கம் தோலை எட்டினால்தான் கொடுத்த காசுக்குப் பலன்.

எட்டவிடாமல் செய்வதில் நம் வீடுகளுக்குத் தனித் திறமை உண்டு. மெத்தை வழுக்குகிறது, பிளாஸ்டிக் சுடுகிறது என்று மேலே ஒரு பவானி ஜமக்காளம். அதன் மேல் பெட்ஷீட், ரப்பர் ஷீட், அண்டர்பேட், நாலாக மடித்த பழைய சேலை, அதற்கும் மேல் டயப்பர். ஜமக்காளம் நல்ல அழுத்தமான நெசவு. விருந்தாளி உட்கார அருமையான விரிப்பு. ஏர் பெட் மேல் விரித்தால் குமிழ் ஏறுவதும் இறங்குவதும் அதன் அடியிலேயே முடிந்துவிடும். விரிக்க வேண்டியது மெல்லிசான பருத்தி பெட்ஷீட் ஒன்று, இறுக்கி இழுக்காமல் தொய்வாக. சென்னிமலை விரிப்புகளில் மெல்லிய ரகம் போதும். நோயாளியின் இடுப்புக்கு அடியில் ஒரே ஒரு அண்டர்பேட். அதற்கு மேல் எது வைத்தாலும் கொடுத்த பணம் வீண்.

கட்டில் அடுத்த விஷயம். ஏர் பெட் தனி மெத்தை அல்ல, மெத்தை மேல் போடும் மெத்தை. அடியில் 4 அங்குல ஃபோம் அல்லது தேங்காய் நார் மெத்தை கட்டாயம் இருக்க வேண்டும். தோட்டத்து வீடுகளில் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று கயிற்றுக் கட்டிலில் நேராகப் போட்டுவிடுகிறார்கள். கயிறு நடுவில் தொய்ந்து இடுப்பு குழியில் இறங்கும், உடல் எடை முழுவதும் வால் எலும்பில் சேரும், அங்கே குமிழ் நிமிரவே முடியாது. கட்டில் பலகை சமமாக இருக்கட்டும்.

போடும் முறை: குமிழ் மேல் பக்கம், குழாய் கால் பக்கம். இரு முனைகளிலும் நீட்டிக்கொண்டிருக்கும் மடிப்பை அடி மெத்தைக்குக் கீழே செருகவும். பம்பைக் கால்மாட்டுக் கம்பியில் மாட்டவும், தரையில் வைக்க வேண்டாம். டயலை முழுதாகத் திருகி, ஆளைப் படுக்க வைக்காமல் அரை மணி நேரம் நிரம்ப விடவும். பிறகு படுக்க வைத்து, டயலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவும். எந்த எண்ணில் நிறுத்துவது என்பதை டயல் சொல்லாது, கைதான் சொல்லும். நோயாளி மல்லாந்திருக்கும்போது, உள்ளங்கை மேலே பார்க்க, ஏர் பெட்டுக்கும் அடி மெத்தைக்கும் நடுவே வால் எலும்புக்கு நேராகக் கையை நுழைக்கவும். கைக்கும் எலும்புக்கும் நடுவே ஓர் அங்குலமாவது காற்று இருக்க வேண்டும். எலும்பு கையில் தட்டினால் காற்று போதாது. மெத்தை கல் மாதிரி விறைத்திருந்தால் காற்று அதிகம், அதுவும் புண்ணாக்கும். இந்தக் கைப் பரிசோதனை தினமும் ஒருமுறை. இருக்கும் விளக்கங்களிலேயே முக்கியமானது இதுதான், பெட்டிக்குள் வரும் தாளில் பெரும்பாலும் இது மட்டும் இருக்காது.

மூக்குக் குழாயில் உணவு கொடுக்கும்போது இன்னொரு சிக்கல். நுரையீரலுக்குள் போகாமல் இருக்கத் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர வேண்டும், கொடுத்த பிறகும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். தலை உயர்ந்தால் எடை முழுக்கப் புட்டத்துக்கு வரும், குமிழ்கள் தட்டையாகிவிடும். விலை கூடிய பம்புகளில் இதற்குத் தனிப் பொத்தான் உண்டு. இந்தக் குமிழ் வகையில் டயலை ஒரு கோடு ஏற்றிவிட்டு, நேரம் முடிந்ததும் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறக்காமல் இருப்பதுதான் வழி. இதைவிட மோசமானது வழுக்கல். பிவிசி மேல் ஆள் மெல்லக் கீழே சரிவார். தோல் துணியோடு ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் கீழே இறங்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள ரத்தக் குழாய்கள் முறுக்கப்படும். வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளிருந்து வரும் ஆழமான புண் இப்படித்தான் உண்டாகிறது. முதலில் முழங்காலுக்கு அடியில் தலையணை, அதன் பிறகே தலைப்பக்கத்தை உயர்த்துவது. உணவு நேரம் தவிர மற்ற நேரத்தில் 30 டிகிரிக்கு மேல் வேண்டாம்.

சரிந்தவரை மேலே இழுக்க அக்குளில் கை கொடுப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது. பக்கவாதத்தில் விழுந்த பக்கத் தோள்மூட்டைத் தாங்கத் தசையில் பலமிருக்காது, அப்படி இழுத்தால் மூட்டு இறங்கும். நாலு முழ வேட்டி ஒன்றை இரண்டாக மடித்து, தோளிலிருந்து தொடை வரை வருமாறு அடியில் போட்டு, இருவர் இருபுறமும் உடம்பை ஒட்டி வேட்டியைச் சுருட்டிப் பிடித்து, ஒரே நேரத்தில் தூக்கி நகர்த்த வேண்டும். தூக்குவது, தேய்ப்பது அல்ல. முடிந்ததும் வேட்டியை உருவிவிடவும்.

இனி தலைப்புக்கு வருவோம். "தாத்தாவுக்கு ஏர் பெட் போட்டாச்சில்லீங்க, இனி எதுக்குங்க ராத்திரி எந்திரிச்சுத் திருப்பணும்?" என்று பேத்தியோ மருமகளோ கேட்பதில் நியாயம் உண்டு, தூக்கம் கெட்டவர்கள் அவர்கள்தான். ஆனால் மெத்தை செய்வது ஒரு வேலை மட்டும். குதிகாலைத் தூக்காது, சளியை அசைக்காது, மடங்கி இறுகும் முழங்காலை நீட்டாது, நனைந்த டயப்பரை மாற்றாது. சாதாரண மெத்தையில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவது என்ற கணக்கை, தோல் நன்றாக இருந்தால் ஏர் பெட்டில் இரவில் 3 அல்லது 4 மணி நேரம் வரை தளர்த்தலாம். இந்த மெத்தை தரும் நிஜமான லாபம் அந்த ஒன்று, இரண்டு மணி நேரத் தூக்கம். சின்ன லாபமில்லை.

திருப்பும்போது முழுதாகப் பக்கவாட்டில் நிமிர்த்தினால் இடுப்பு எலும்பு முனையில் எடை இறங்கும். 30 டிகிரி சாய்வு போதும். தோளிலிருந்து இடுப்பு வரை முதுகுக்குப் பின்னால் ஒரு நீளத் தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. வால் எலும்புக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தால் எங்கும் படாமல் இருக்க வேண்டும். குதிகாலுக்கு ஏர் பெட் ஏறக்குறைய பயனில்லை, குமிழைவிட குதிகால் சின்னது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி விடுவதே சரி.

ஒவ்வொரு முறை திருப்பும்போதும் தோலைப் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் 3 விநாடி அழுத்தி எடுத்தால் வெளிறி மீண்டும் சிவக்கிறதா? நல்லது. வெளிறாமல் அப்படியே நின்றால் அது புண்ணின் முதல் நிலை. நம் நிறத்தில் சிவப்பு தெரியாது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. கருநீலம், சுற்றுப்புறத்தைவிடச் சூடு அல்லது குளிர்ச்சி, தொட்டால் இறுகியோ சதசதவென்றோ இருப்பது, இவைதான் அடையாளம். புறங்கையால் தொட்டுப் பக்கத்துத் தோலோடு ஒப்பிடவும். அந்த இடத்தில் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கக் கூடாது. சுற்றிலும் மெல்லத் தடவினால் போதும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் நர்சு உங்கள் ஊருக்கும் வந்தால், பிரஷர், சுகர் பார்ப்பதோடு முதுகையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

கரண்ட். பம்ப் 7 முதல் 10 வாட்தான் இழுக்கும். இரவு பகல் ஓடினாலும் மாதம் 5 முதல் 7 யூனிட். பிரச்சினை செலவில் இல்லை, மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போய்ச் சாயங்காலம் வரும் கரண்டில் இருக்கிறது. பம்ப் நின்றால் காற்று அதன் வழியாகவே மெல்ல இறங்கி, ஆள் அடி மெத்தையில் கிடப்பார். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பம்ப் மாட்டும் பிளக் அதன் லைனில் இருக்கிறதா என்று முதல் நாளே எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளவும். இல்லாதவர்கள் இரண்டு குழாயையும் பம்ப் அருகே மடித்து ரப்பர் பேண்ட் போட்டால் இறங்குவது தாமதமாகும். அந்த நேரத்தில் குமிழ் அணி மாறாது, ஆகவே 2 மணி நேரக் கணக்குக்குத் திரும்ப வேண்டும்.

வெயில் இதன் பலவீனம். பிவிசி வியர்வையை உறிஞ்சாது. கரூர், ஈரோடு பக்கம் சித்திரையில் முதுகு ஊறி, தோல் தளர்ந்து, லேசான உராய்வுக்கே உரியும். குழாய் வடிவ அறைகள் கொண்ட மெத்தையில் சில ரகங்களில் நுண் துளை வழியாகக் காற்று மேலே வரும், உயரமும் 4 அங்குலத்துக்கு மேல். விலை இதைப்போல் மூன்று மடங்கு வரும். 80 கிலோவுக்கு மேல் எடை, உணர்ச்சியே இல்லாத தண்டுவட நோயாளி, ஏற்கெனவே தோல் பிய்ந்து புண்ணானவர் என்றால் குமிழ் வகையை யோசிக்காமல் நேராக அதற்கே போகலாம்.

எல்லோருக்கும் ஏர் பெட் என்பதும் சரியல்ல. பார்க்கின்சனில் தானாகப் புரண்டு எழுபவருக்கு இந்தத் தொளதொளப்பு எதிரி. உறுதியான மெத்தையில் புரள முடிந்தவர் இதில் மாட்டிக்கொள்வார். பக்கவாதத்தில் உட்காரப் பழகும் கட்டத்தில் இருப்பவருக்கு பிசியோ செய்யும் நேரம் உறுதியான இடம் வேண்டும், மெத்தை ஓரத்தில் உட்கார வைத்தால் சரிவார். வலிப்பு வருபவருக்குக் கட்டிலின் பக்கக் கம்பி இருக்கும். மெத்தை இரண்டரை அங்குலம் உயர்ந்ததால் கம்பியின் காவல் அந்த அளவு குறையும், ஓரம் அமுங்கிக் கம்பிக்கு நடுவே கை, தலை சிக்கும் இடைவெளி வருகிறதா என்றும் பார்க்கவும்.

கூடவே விற்கும் காற்று வளையத்தை வாங்க வேண்டாம். நடுவில் உள்ள ஓட்டையைச் சுற்றி அழுத்தம் வட்டமாக ஏறி, நடுவில் ரத்தம் குறைந்துவிடும். தண்ணீர் மெத்தையும் வேண்டாம்: நிரப்பினால் நகர்த்த முடியாத கனம், மார்கழியில் பொள்ளாச்சிப் பக்கம் முதுகு ஜில்லென்று இருக்கும்.

பழுது பெரும்பாலும் மூன்றே. யூரின் பேக் குழாயைப் பெட்ஷீட்டில் குத்திய ஊக்கு, குமிழைக் குத்தும். சோப்பு நுரை தடவினால் கசியும் இடம் தெரியும். ஈரம் துடைத்து, கூட வந்த துண்டை ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு நிரப்பவும். சைக்கிள் டியூப் ஒட்டும் ரப்பர் சொல்யூஷன் பிவிசியில் நிற்காது. இரண்டாவது, பம்ப் ஓசை கேட்கும், காற்று வராது: உள்ளே அதிரும் ரப்பர் தகடு கிழிந்திருக்கும். கோவையில் மோட்டார் பம்ப் ரீவைண்டிங் பட்டறையில் கொடுத்துப் பயனில்லை, இது காயில் சுற்றும் வேலையல்ல. தகடு தனியாகக் கிடைக்கிறதா என்று வாங்கும்போதே கடையில் கேட்கவும். மூன்றாவது, பல்லடம், சோமனூர் போல் தறி ஓடும் ஊர்களில் பஞ்சுத் தூசி. பம்பின் அடியில் காற்று புகும் துளையில் பஞ்சு படிந்து அடைத்து, பம்ப் சூடாகும். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் துடைத்துவிடவும். ஈரத் துணி வேண்டாம்.

பில்லில் மெத்தைக்கும் பம்புக்கும் தனித்தனி வாரண்டி எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் பம்புக்கு மட்டுமே தருவார்கள்.