டேங்க் எவ்வளவு பெரிசு என்று கேட்காதீர்கள்: பாதாளச் சாக்கடை எட்டாத வீட்டுக்கு எது தோது?

பாதாளச் சாக்கடை வராத இடத்தில் வீடு கட்டுகிறவர்கள் எல்லாரும் மேஸ்திரியிடம் முதலில் கேட்பது, "டேங்க் எவ்வளவு பெரிசா கட்டணும்?" என்றுதான். வெளியே வரும் தண்ணீர் எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டர் என்று வைத்தாலே, நாலு பேர் வீட்டில் 400 லிட்டர் உள்ளே போகிறது. அதே 400 லிட்டர் எங்கேயாவது வெளியேறித்தானே ஆக வேண்டும்? இருக்கிற வழிகளை அந்தக் கேள்வியை வைத்தே உரசிப் பார்த்துவிடுவோம்.

மூடிய தொட்டிக்காரர் சொல்வது, தண்ணீர் எங்கேயும் போகாது என்று. பதில் நேர்மையானதுதான். அடியும் சுவரும் கசியாதபடி கட்டிய ஒரே தொட்டி, வெளியேறக் குழாயே கிடையாது, நிரம்பினால் உறிஞ்சி எடுக்கக் கழிவுநீர் லாரி. 18,000 லிட்டர் தொட்டி கட்டினாலும் மேலே சொன்ன குடும்பத்துக்கு 45 நாள்தான் தாங்கும். விருந்தாளி வந்து தங்கினால் அதுவும் இல்லை. துணி துவைக்கும்போதெல்லாம் லாரிக்காரர் முகம் கண்முன் வரும். பாறை நிலம், காலடியிலேயே ஊற்று, எப்போதாவது வந்து தங்கும் வீடு என்றால் இதைவிட்டால் கதியில்லை. மற்றவர்கள் பக்கமே போக வேண்டாம். லாரிச் செலவு தாங்காமல் அடியில் ரகசியமாக ஓட்டை போடுகிறவர்களும் உண்டு. அது பக்கத்துக் கிணற்றுக்கு வைக்கும் உலை.

அடுத்தது எல்லாருக்கும் தெரிந்த செப்டிக் டேங்க். பிரான்ஸில் மூரா என்பவர் 1881-ல் காப்புரிமை வாங்கிய தொட்டிதான் இதற்கு மூதாதை. அன்றிலிருந்து அடிப்படை பெரிதாக மாறவில்லை, மாற வேண்டிய தேவையும் இருக்கவில்லை. தண்ணீரை ஒன்றிரண்டு நாள் அசையாமல் வைத்திருப்பதுதான் அதன் வேலை. கனமானது கசடாக அடியில் படியும், எண்ணெய்ப் பிசுக்கு ஏடாக மேலே மிதக்கும், நடுவில் ஓரளவு தெளிந்த தண்ணீர் நிற்கும். அந்த நடுத் தண்ணீரை மட்டும் வெளியே விடத்தான் வெளியேறும் வாயில் டீ பைப், அதாவது T வடிவக் குழாய், வைக்கிறோம். தெளிவாகத் தெரிவதை நம்பிவிடக் கூடாது. நோய்க்கிருமியும் நைட்ரஜனும் பெரும்பாலும் அப்படியே வெளியேறுகின்றன. மீதிச் சுத்திகரிப்பு மண்ணின் பொறுப்பு. செப்டிக் டேங்க் பாதி இயந்திரம் என்றால் மறுபாதி உங்கள் தோட்டம்.

அந்த மறுபாதியில்தான் ஆளாளுக்குக் கோட்டைவிடுகிறோம். நான் குடியிருந்த ஒரு வீட்டில் டீ பைப் உடைந்து உள்ளே விழுந்துவிட்டது. யாரும் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. ஏடு நேராக, டேங்கிலிருந்து வரும் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழிக்குள் போய், சில மாதத்தில் குழியின் சுவர் முழுக்கப் பிசுபிசுவென்று அடைத்துக்கொண்டது. கழிப்பறை எதிர்த்துக்கொண்டு வந்ததும் வீட்டுக்காரர் டேங்க் சிறிசு என்று முடிவு கட்டி, இன்னும் பெரிய டேங்க் கட்டினார். உறிஞ்சுகுழி பழையதுதான். புது டேங்கும் ஒருமுறை நிரம்பியதோடு சரி, பழைய கதை தொடர்ந்தது. தண்ணீர் இறங்க இடமில்லாதபோது டேங்கை வளர்த்து என்ன பயன்?

குழியா, பரவல் வாய்க்காலா என்று கேட்டால், இடம் இருக்கிறவர்களுக்கு நான் வாய்க்காலைத்தான் சொல்வேன். ஆழம் குறைந்த பள்ளத்தில் ஜல்லி பரப்பி, அதன் நடுவே ஓட்டை போட்ட குழாயைப் பதிக்கும் முறை இது. மேல்மண்ணில் காற்றும் நுண்ணுயிரும் அதிகம் என்பதால் அழுக்கு அங்கேயே சிதையும். ஆழமான குழி, இடத்தை மிச்சப்படுத்துகிறது என்று சொல்லிக்கொண்டு, அழுக்குத் தண்ணீரை நிலத்தடி நீருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது. ஒன்று, வாய்க்காலின் மேல் காரை நிறுத்தவோ மரம் நடவோ கூடாது.

இரட்டைக் குழியின் கணக்கு வேறு. டேங்க், உறிஞ்சுகுழி இரண்டு வேலையையும் ஒரே குழி செய்கிறது. இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் சுவர் வழியாகத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடும், கசடு தங்கும். ஒன்று நிரம்பியதும் அதை மூடிவிட்டு மற்றதுக்குத் திருப்பிவிட வேண்டும். மூடியது இரண்டு வருடம் கிடந்தால் உள்ளே இருப்பது வாடையில்லாத மண் மாதிரி ஆகிவிடும், மண்வெட்டியால் அள்ளலாம், லாரியே வேண்டாம். ஆனால் கழிப்பறைத் தண்ணீருக்கு மட்டும்தான் இது. குளியல், சமையலறைத் தண்ணீரையும் விட்டால் திணறிவிடும், அதற்குத் தனி வழி தேவை. மழைக்காலத்து நிலத்தடி நீர்மட்டம் குழியின் அடியிலிருந்து இரண்டு மீட்டராவது கீழே இருக்க வேண்டும். இத்தனையும் சரியாக அமைந்தும் கெடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு: இரண்டு குழியையும் ஒரே சமயத்தில் திறந்துவிடுவார்கள். இரண்டும் ஒன்றாக நிரம்பும், ஆறப்போட ஒன்றும் மிஞ்சாது.

காற்று ஊதும் சுத்திகரிப்பு மிஷினிலிருந்து வரும் தண்ணீர், செப்டிக் டேங்க் தண்ணீரை விடப் பல மடங்கு சுத்தம். அதில் சந்தேகமில்லை. களிமண் நிலம், நெருக்கமான மனை, பக்கத்தில் கிணறு என்றால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் அது வளர்ப்புப் பிராணி மாதிரி. மோட்டார் நின்றால் உள்ளிருக்கும் நுண்ணுயிர் மூச்சு முட்டிச் சாகும். வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் வெளியூர் போனால் பட்டினியில் சாகும், திரும்பி வந்ததும் மறுபடி வளர நாளாகும். செப்டிக் டேங்குக்கு இந்த நோவெல்லாம் கிடையாது, நீங்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிடக்கும். இன்னொன்றை மிஷின் விற்கிறவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்: இதிலும் கசடு சேரும், இதற்கும் லாரி வரும்.

எனக்குப் பிடித்தது நாணலோ கல்வாழையோ நட்ட ஜல்லிப் படுகை. தண்ணீர் ஜல்லியின் மேல்மட்டத்துக்குக் கீழேயே ஓடுவதால் கொசு வராது, மின்சாரமும் வேண்டாம். செடி அழுக்கைக் குடித்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான வேலை ஜல்லியிலும் வேரிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிருடையது, செடிக்குச் சிறு பங்குதான். ஆனால் படுகை டேங்குக்குப் பதிலாகாது, டேங்குக்குப் பின்னால் வருவது. கசடு எடுக்காத டேங்குக்குப் பின்னால் வைத்தால் ஜல்லி அடைத்துக்கொள்ளும். ஆளுக்குச் சில சதுர மீட்டர் இடமும் கேட்கும்.

கசடு எடுப்பதை யாரும் விரும்பிச் செய்வதில்லை. செப்டிக் டேங்கில் மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது நீளக் கம்பு விட்டுப் பாருங்கள். கசடும் ஏடும் சேர்ந்து ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்திருந்தால் லாரியைக் கூப்பிட வேண்டியதுதான். பாக்டீரியாப் பொடி வாங்கிக் கொட்ட அவசியமில்லை, மலத்திலேயே வேண்டிய மட்டும் இருக்கிறது. சமையல் எண்ணெயும் ஈரத் துடைப்புத்தாளும் (வெட் வைப்ஸ்) போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒரு வாரத் துணியை ஒரே நாளில் துவைத்துக் கொட்டினால் கசடு கலங்கி வாய்க்காலுக்குப் போய்விடும்.

எந்த முறையானாலும் உள்ளே யாரும் இறங்கக் கூடாது. தலையை விட்டு எட்டிப் பார்ப்பதும் ஆபத்து. ஹைட்ரஜன் சல்பைடு குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும். அதிகமானதும் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவர்தான் மேலே வருவதில்லை.

டேங்குக்கு அளவு சொல்லும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, செலவும் இல்லை. தண்ணீரை விட நினைக்கும் இடத்தில், மழைக்காலத்திலேயே, ஒரு அடி அகலத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் மறுபடி ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். நிதானமாக இறங்கினால் செப்டிக் டேங்கும் வாய்க்காலும் போதும். சல்லடையில் ஊற்றியது போல மறைந்தால், கிருமி வடிகட்டப்படாமல் கீழே போகிறது என்று பொருள், படுகையோ மிஷினோ நடுவில் வேண்டும். நேற்று ஊற்றியதே இன்னும் நின்றுகொண்டிருந்தால், மேஸ்திரியைக் கூப்பிடும் முன்னால் லாரிக்காரரின் கட்டணத்தை விசாரித்துவிடுங்கள்.